வயித்துக்கு ஒண்ணு

சிங்கம்புணரிக்கு இன்னும் ரயில் வரவில்லை. கேட்டுக் கேட்டுத் தாத்தாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாக்கள் இப்போது மனு எழுதுகிறார்கள். ஆனால் நாற்பது மில்லிகிராம் பேன்டோப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை வந்துவிட்டது. அதற்கு மனுவும் இல்லை, தொகுதி நிதியும் இல்லை, அடிக்கல் நாட்டு விழாவும் இல்லை. திருப்பத்தூர் பக்கமிருந்து வந்ததோ கொட்டாம்பட்டி பக்கமிருந்து வந்ததோ, வீட்டுக்கு வீடு டிவி ஸ்டாண்டில், சாமி படத்துக்குக் கீழே, மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. ரேஷன் அட்டை இல்லாத வீடு ஊரில் ஒன்றிரண்டு இருக்கலாம். இந்த மாத்திரை அட்டை இல்லாத வீட்டை எனக்குக் காட்டுங்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் முன்னால் நின்று பாருங்கள். கயிறு வேலை விட்டுப் பெண்கள் வருவார்கள். முந்தானையில், தலைமுடியில், புருவத்தில்கூடத் தேங்காய் மட்டைத் தூசி.

“அண்ணே, மேலு காலெல்லாம் ஒரே வலி. ஒரு செட்டு குடுங்க.”

கடைக்காரர் நிமிர்வதில்லை. கை மட்டும் டப்பாக்களுக்குள் போய்ப் போய் வரும். கத்தரிக்கோல் அட்டைகளை நறுக்கும். வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, மஞ்சள் ஒன்று.

“சாப்பிட்டுப் போட்டுக்கத்தா.”

“நெஞ்சு வேற கரிச்சுக்கிட்டே இருக்குண்ணே.”

“அதான் வயித்துக்கு ஒண்ணு சேத்து வச்சிருக்கேன்ல.”

நாலு வரிப் பேச்சில் நாட்டின் மருந்துச் சட்டம் இரண்டு முறை செத்தது. அந்த வலி மாத்திரையும் வயிற்று மாத்திரையும் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக் கூடாதவை. யாரோ ரகசியமாகச் சொன்னதல்ல. அட்டையின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. என்ன, எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில். அந்த அம்மாவின் கையில் இருப்பதோ நறுக்கிய துண்டு. அதில் மிஞ்சியது பாதிப் பெயர். மீதிப் பெயரும் காலாவதித் தேதியும் முன்னால் வாங்கிப் போனவரின் துண்டோடு போய்விட்டன.

அந்தப் பொட்டலத்துக்குள் நடக்கும் கூத்தைக் கொஞ்சம் பார்ப்போம். டைக்ளோபினாக் வகை வலி மாத்திரை மூட்டு வலியைக் குறைக்கும். கூடவே இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருளையும் குறைத்து அங்கே புண் உண்டாக்கும். புண்ணை ஆற்றக் கூடவே கேஸ் மாத்திரை. அடிப்பவரும் அவரே, களிம்பு விற்பவரும் அவரே. சரி, அதிலாவது ஒழுங்கு உண்டா? வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வயிற்று மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். இரைப்பையில் அமிலம் சுரக்கிற பம்புகள் சோறு இறங்கும்போதுதான் விழித்து வேலை செய்யும். விழித்த பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும், தூங்குகிற பம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சோற்றுக்கு முன்பே ரத்தத்தில் அது தயாராக இருக்க வேண்டும். ஒரே பொட்டலம், ஒரே வாக்கியம்: “சாப்பிட்டுப் போட்டுக்கத்தா.” வயிற்று மாத்திரை தன் வேலையை முழுசாகச் செய்யாது. மறுநாளும் நெஞ்சு கரிக்கும். மறுநாளும் கடைக்கு வர வேண்டும். இதைவிடச் சிறந்த வியாபாரத் திட்டத்தை எந்த நிர்வாகவியல் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்து நெஞ்செரிச்சலுக்குக் காரணம் தெரியும். “செட்டிநாட்டுச் சாப்பாடாச்சே!” என்று சிரிப்பார்கள். ஐயா, காரைக்குடி மெஸ்ஸின் நண்டு மசாலாவுக்கும் கயிறு திரிக்கிறவளுக்கும் என்ன சம்பந்தம்? அவள் காலையில் குடித்தது இரண்டு டீ. பதினோரு மணிக்கு ஒரு டீ, வடை இருந்தால் ஒரு வடை. தூக்குவாளியில் கொண்டுபோன சோற்றைத் திறப்பது இரண்டு மணிக்கு மேல். ராட்டு முன்னால் நின்று நாரை விட்டு விட்டுப் பின்பக்கமாகவே நடந்து, குனிந்து, நிமிர்ந்து, வீட்டுக்கு வந்து உலை வைத்து, எல்லாரும் தின்ற பிறகு பத்து மணிக்குத் தின்று, பத்தேகாலுக்குப் படுக்கிறாள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவு மாதிரி வேலை செய்கிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் அந்தக் கதவு நெகிழ்கிற போதெல்லாம் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். படுக்குமுன் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று உலகத்து இரைப்பை மருத்துவர்கள் எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். அருமையான யோசனை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிக்க அவளுக்கு எந்த முதலாளி நேரம் கொடுப்பார் என்று மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

ஆராய்ச்சி இல்லாமலில்லை. வண்டி வண்டியாக இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் ஷோப்னா பாட்டியா முன்னின்று, இந்திய இரைப்பை-குடலியல் சங்கத்தின் பணிக்குழு பல ஊர்களில் 3,224 பேரை விசாரித்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உள்ளவர்கள் 7.6 சதவீதம். நூறு பேரில் எட்டுப் பேர் என்றே வைத்துக்கொள்வோம். நூறில் எட்டுப் பேருக்கு உள்ள நோய்க்கு நூறு வீட்டிலும் மருந்து! இன்னொரு விஷயமும் அந்த ஆய்வில் இருக்கிறது: அசைவம், எண்ணெய்ப் பலகாரம், டீ, காபி, இவற்றோடு கேஸ் அடைத்த பானங்களுக்கும் எதுக்களிப்போடு தொடர்பு தெரிந்தது. நம் ஊரில் நெஞ்சு எரிந்தால் முதல் வைத்தியம் என்ன? “ஒரு சோடா உடைச்சுக் குடி, ஏப்பம் வந்தா சரியாப் போகும்.”

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் சிலர் சட்டையைக் கழற்றினால் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீண்ட தழும்பு தெரியும். அந்தக் காலத்து ‘அல்சர் ஆபரேஷன்’. கோதுமை தின்னும் வடக்கைவிட அரிசி தின்னும் தெற்கில் சிறுகுடல் புண் அதிகம் என்று ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா 1964-லேயே எழுதினார். கவலை, காரம், பட்டினி என்று நோயாளியையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் பதில் சொன்னார்: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிதான் காரணம் என்றால் பரிசோதித்துப் பார்த்து இரண்டு வாரம் மருந்து கொடுத்தால் தீர்கிற காரியம். சிங்கம்புணரியில் இன்றும் “எனக்கு அல்சருங்க” என்று பத்து வருஷமாகச் சொல்லித் திரிகிறவர்களில் எத்தனை பேருக்கு யாராவது அந்தக் கிருமியைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள்? எண்டோஸ்கோபி என்றால் மதுரைக்கோ சிவகங்கைக்கோ பஸ் ஏற வேண்டும். ஒருநாள் கூலி போகும். துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். மாத்திரை தெருமுனையிலேயே இருக்கிறது. நோபல் பரிசு ஸ்வீடனிலேயே இருக்கட்டும்.

மாத்திரைதான் வந்து சேர்ந்தது. மாத்திரையைப் பற்றிக் கண்டுபிடித்தது எதுவும் வந்து சேரவில்லை. என் கோபமெல்லாம் இதுதான்.

டென்மார்க்கில் ஒரு வேலை செய்தார்கள். நெஞ்செரிச்சலே இல்லாத, ஆரோக்கியமான 120 பேரைக் கூப்பிட்டு, ஒரு பாதிக்கு எட்டு வாரம் இதே குடும்பத்து எசோமெப்ரசோல் மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு, மருந்து தின்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லை. வெற்று மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம். 2009-ல் வெளிவந்த ஆய்வு இது. அடைத்துவைத்த அமிலம் விட்டவுடன் முன்னைவிட வேகமாகப் பாய்கிறது. நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்து, மருந்தை நிறுத்தி, நோயை உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். நம் ஊரிலும் இதே ஆராய்ச்சி நடக்கிறது. எட்டு வாரமில்லை, எட்டு வருஷமாக. “நிறுத்திப் பாத்தேன் தம்பி, முடியல, திரும்ப எரியுது, அப்ப எனக்கு வியாதி முத்திப்போச்சு” என்கிறார் பெரியவர். முத்தவில்லை ஐயா. சில வாரம் பொறுத்தால், அல்லது மருத்துவர் சொல்லி மெல்ல மெல்லக் குறைத்தால், பலருக்கு அடங்கிவிடும். சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்து அந்த ‘டி’. பேன்டோப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலைச் சொல்கிறேன். வெறும் மாத்திரை கேட்டால்கூட ‘டி’ போட்டதுதான் நல்லா கேக்கும் என்று அதையே தருகிறார்கள். டோம்பெரிடோனை அமெரிக்க மருந்துத்துறை விற்பனைக்கு அனுமதிக்கவே இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் சொன்னது: இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும்; குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் கொடுங்கள்; பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்; வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்காதீர்கள். எதற்குக் கொடுக்காதே என்றார்களோ அதற்கென்றே, எத்தனை நாளுக்கு மேல் கொடுக்காதே என்றார்களோ அதைத் தாண்டி வருஷக்கணக்கில், நாம் தின்றுகொண்டிருக்கிறோம். ஐரோப்பியன் இதயம் வேறு, கயிறு திரிக்கிறவள் இதயம் வேறு போலும்.

ரானிடிடின் என்ற இன்னொரு கேஸ் மாத்திரையின் கதை இதற்கு அண்ணன். 2019-ல் அதற்குள் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள் இருப்பது அமெரிக்காவில் வெளியாயிற்று. நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற, அந்த மாத்திரைக்குள் அது கூடிக்கொண்டே போகும் என்று கண்டு, 2020 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்க மருந்துத்துறை எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. தேதி ஏப்ரல் ஒன்று. முட்டாளானது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். பட்டியலிலிருந்துதான், கடையிலிருந்து அல்ல. 2025-ல்கூட அந்தப் பொருளின் அளவைக் கண்காணிக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம்தான் போனது. குளிர்நாட்டில் சூடு கூடாது என்று எடுத்த மாத்திரை, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் பத்திரமாக இருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேன்டோப்ரசோல் விஷமல்ல. இதய நோயாளிகள் 17,598 பேரில் ஒரு பாதிக்கு இதே நாற்பது மில்லிகிராமையும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையையும் ஏறக்குறைய மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. குடல் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு பெரிய கேடு தெரியவில்லை. சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் வாய்ப்பு உண்டு என்று அதே ஆண்டின் கடைசியில் நம் அரசே எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது; அரிதானதுதான், இருந்தாலும் உண்டு. ரத்தம் கசிந்த புண், உணவுக்குழாய் அரிப்பு, இதயத்துக்கு ஆஸ்பிரின் தின்கிற முதியவர்: இவர்களுக்கு இந்த மாத்திரை உயிர் காக்கும். இவர்கள் பாதியில் நிறுத்தக் கூடாது. யூடியூபில் உட்கார்ந்து “இங்கிலீஷ் மருந்து கிட்னியைத் தின்னுடும்” என்று கத்திவிட்டு, சித்தர் பெயர் போட்ட சூரணத்துக்கு ஜிபே நம்பர் கொடுக்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். முத்துவடுகநாத சித்தர் ஜீவசமாதி கொண்ட ஊர் இது. அவருடைய வாத்தியார் கோயிலுக்கு வந்து விபூதி வாங்குகிறவர்களிடம் யாரும் அட்டைக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை.

குற்றம் யாரிடம்? மருந்துக்கடைக்காரரைத் திட்டுவது சுலபம். ராத்திரி பத்து மணிவரை ஊரில் விழித்திருக்கிற ஒரே ‘டாக்டர்’ அவர்தான். மேலே போவோம். காய்ச்சலுக்குப் போனாலும் சளிக்குப் போனாலும் பல்வலிக்குப் போனாலும் சீட்டின் கடைசி வரியில் கேஸ் மாத்திரை எழுதுகிற மருத்துவரிடம் போவோம். ஏன் என்று கேட்டால் “சேஃப்டிக்கு” என்பார். யாருடைய சேஃப்டி? பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே மெடிக்கல் ரெப், அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. பக்கத்தில்தான் பிரான்மலை, பாரி ஆண்ட பறம்பு. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் முல்லையிடம் திரும்ப ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. இன்றைய கொடையாளிகள் அப்படியா? மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் கொடுக்காதீர்கள் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு புதிய நடத்தை விதி போட்டது. மீறினால் விசாரிப்பது யார்? மருந்துக் கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் நெறிக்குழு. பாலுக்குப் பூனை காவல். பிராண்டு எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள் என்று 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதை நிறுத்திவைத்தார்கள். அதன் ஆயுள் ஒரு பேன்டோப்ரசோல் கோர்ஸ் அளவுகூட இல்லை.

அதே ஆகஸ்டில்தான் அதிகம் விற்கிற முந்நூறு மருந்துப் பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயமாயிற்று. ஸ்கேன் செய்தால் கம்பெனி முகவரி, பேட்ச் எண், உற்பத்தித் தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாள் என்பது மட்டும் தெரியாது. ரேகை தேய்ந்த விரலால் அந்த அம்மா போனை எடுத்து ஸ்கேன் செய்து லைசென்ஸ் எண்ணைத் தெரிந்துகொண்டு ஆனந்தப்பட வேண்டும். 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். விலை குறைந்தது, நல்லதுதான். பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறது மக்களைத் தேடி மருத்துவம். கை எடுத்துக் கும்பிடலாம். அப்படி வருகிற சகோதரி ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் என்ன? “வயித்துக்கு என்னம்மா போடுறீங்க, எத்தனை வருஷமா?”

சிரித்தது போதும். இந்தக் கேஸ் என்கிற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று பல்லாண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. அதன் தொடக்கமும் வெறும் அசீரணம் போலத்தான் இருக்கும். கேஸ் மாத்திரை அந்த எரிச்சலைத் தற்காலிகமாக அமுக்கியும் விடும். ஆறு மாதம், எட்டு மாதம் அமுக்கிவிட்டு, சோறு இறங்காமல், உடம்பு பாதியாகி மதுரைக்குப் போகும்போது மருத்துவர் கேட்பார்: “இவ்வளவு நாள் என்ன பண்ணுனீங்க?” என்ன பண்ணினோமா? நாட்டின் மருந்துக் கொள்கை எதைக் கையில் கொடுத்ததோ அதைத் தின்றோம். மாரடைப்பும் அப்படியே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டி உட்கார்ந்தவருக்கு, “கேஸா இருக்கும்” என்று சொல்லி முதுகைத் தடவி, அரை மணி நேரத்தைக் கொன்று, ஆளையும் கொன்ற தெரு தமிழ்நாட்டில் எது இல்லை?

ஆகவே கனம் பொருந்திய அதிகாரிகளே, ரயிலை நீங்கள் மெதுவாகவே விடுங்கள். மாத்திரை அட்டையில், ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், நறுக்கினாலும் மிஞ்சும்படி, தமிழில் இரண்டு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள்: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்; மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டும். கம்பெனிக்கு மையின் விலை தவிர வேறு நஷ்டமில்லை. விற்பனை விழுந்துவிடும் என்று அவர்கள் அழுதால், அழும் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசகரே, உங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் அந்த அட்டை இருக்கிறது, எனக்குத் தெரியும். யார் எழுதித் தந்தது, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று இந்த வாரம் ஒரு மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம்: இதில் ஒன்று இருந்தாலும் கடைக்குப் போகாமல் எண்டோஸ்கோபி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு அடைத்து, வேர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் 108-க்குப் போன் போடுங்கள். சோடாவைத் திரும்பி வந்து குடிக்கலாம்.